வெளிநாட்டு வாடகைதாரருக்கும் அதே ஒப்பந்தம், அதே அட்வான்ஸ்
வண்டலூர் வட்டாரத்தில் வீட்டு உரிமையாளர்களும் வாடகைதாரர்களும் சேர்ந்து நடத்தும் குடியிருப்போர் சங்கத்தின் நிலைப்பாட்டு அறிக்கை

வண்டலூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு உயிரியல் பூங்கா நினைவுக்கு வரும். 2023 டிசம்பர் 30-ஆம் தேதி திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் இப்போது அதோடு சேர்ந்துகொண்டது. மாடியில் ஒரு போர்ஷன் எடுத்து வாடகைக்கு விடும் உள்ளூர்க்காரர்களுக்கோ கல்லூரிகள்தான் ஊரின் அடையாளம். ஊருக்குள்ளேயே கிரசென்ட், கேளம்பாக்கம் சாலையில் வி.ஐ.டி., மின்சார ரயிலில் கொஞ்ச தூரம் போனால் பொத்தேரியில் எஸ்.ஆர்.எம். இங்கெல்லாம் படிக்க வருபவர்களில் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் அண்டை நாடுகளிலிருந்தும் வரும் மாணவர்கள் உண்டு. விடுதிச் சாப்பாடு ஒத்துவராதவர்கள், குடும்பத்தோடு வந்தவர்கள், ஆராய்ச்சிக்காக நீண்ட காலம் தங்குபவர்கள் வெளியே வீடு தேடுகிறார்கள்.

அந்தத் தேடல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடிகிறது. புரோக்கர் நான்கு வீடு காட்டுவார். மூன்றில் "ஃபேமிலிக்கு மட்டும்" என்று கதவு சாத்தப்படும். நான்காவது வீட்டில் பத்து மாத வாடகை அட்வான்ஸ். முத்திரைத்தாளில் பதினோரு மாத ஒப்பந்தம் ஒன்று தட்டச்சாகி வரும். கையெழுத்தானதும் அசல் வீட்டுக்காரரின் பீரோவுக்குள் போய்விடும். வாடகைதாரரின் கையில் மிஞ்சுவது செல்போனில் எடுத்த ஒரு படம்.

இந்த வழக்கம் மாற வேண்டும் என்பது சங்கத்தின் நிலைப்பாடு. வெளிநாட்டவர் என்ற ஒரே காரணத்துக்காக வீடு மறுப்பதையும், அதே காரணத்துக்காக அட்வான்ஸைக் கூட்டிக் கேட்பதையும் சங்கம் ஏற்கவில்லை. எந்த நாட்டவர் குடிவந்தாலும் எழுத்து ஒப்பந்தம், வாடகை அதிகாரியிடம் பதிவு, மூன்று மாதத்துக்கு மேற்படாத அட்வான்ஸ், மாதந்தோறும் ரசீது ஆகிய நான்கும் கட்டாயம் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறது.

இதில் புதிதாக எதுவும் இல்லை. தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் வந்தது அது. வாடகைதாரர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

பதினோரு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது? ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்கிறது. ஒரு மாதத்தைக் குறைத்தால் பதிவுச் செலவு மிச்சம். தமிழ்நாட்டின் புதிய சட்டத்தில் அந்தக் கணக்கு செல்லாது. எத்தனை மாத வாடகையானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அதற்கென இணையதளமும் உண்டு. பதிந்தால் பதிவு எண் கிடைக்கும். எழுத்து ஒப்பந்தம் செய்யத் தவறினால், அதையே காரணம் காட்டி வாடகைதாரரைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட முடியும். பதியாமல் விட்டால் அதிகம் இழப்பவர் வாடகைதாரர்தான்.

அட்வான்ஸ் விஷயத்தில் சட்டத்திலேயே ஓர் ஓட்டை இருப்பதைச் சங்கம் ஒளிக்க விரும்பவில்லை. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று சொல்லும் அதே பிரிவு, இருதரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் தவிர என்று ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. பேரம் பேசத் தெரிந்த உள்ளூர்க்காரருக்கு அது ஒரு வசதி. தமிழ் தெரியாமல், வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே கையெழுத்துப் போடும் இருபது வயது மாணவருக்கு அது பொறி. அந்த விலக்கைச் சங்க உறுப்பினர்கள் பயன்படுத்தக் கூடாது என்பதே முடிவு. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டம்தான். விமான டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அட்வான்ஸுக்காக நடக்கிறவர் பாதிப் பணத்தோடு கிளம்பிவிடுவார் என்று எண்ணுவது வியாபார சாமர்த்தியம் ஆகாது.

பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடிப்பதும் அப்படித்தான். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால் சுவருக்கு வெள்ளையடிப்பது, குழாய், ஒயரிங் மாற்றுவது எல்லாம் உரிமையாளரின் வேலை. குழாய் வாஷர், சுவிட்ச், உடைந்த கண்ணாடி போன்றவை வாடகைதாரர் பொறுப்பு. வீடுகளுக்கு முதல் 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்று அரசு தரும்போது, சப் மீட்டரில் முதல் யூனிட்டிலிருந்தே காசு வாங்குவதை நிறுத்த வேண்டும் என்றும் சங்கம் கேட்டுக்கொள்கிறது. சண்டை வந்ததும் தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது ஆகியவற்றைச் சட்டம் வெளிப்படையாகவே தடுக்கிறது.

உரிமையாளர்களின் பயத்தைச் சங்கம் அலட்சியம் செய்யவில்லை; அவர்களும் உறுப்பினர்கள்தான். "நாளைக்குப் போலீஸ் வந்து கேட்டால் யார் பதில் சொல்வது?" என்பதுதான் அடிக்கடி காதில் விழும் கேள்வி. வெளிநாட்டவருக்கு இடம் கொடுப்பவர் 24 மணி நேரத்துக்குள் அந்தத் தகவலை வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 'பார்ம் சி' என்று பழகிப்போன அந்தக் கடமை ஹோட்டலுக்கு மட்டும் உரியதன்று, வீட்டுக்காரருக்கும் உண்டு. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்திலும் அது தொடர்கிறது. வீட்டில் உட்கார்ந்தபடி இணையத்தில் முடிகிற வேலை. தெரிவித்துவிட்ட உரிமையாளருக்குப் பயம் தேவையில்லை. தெரிவிக்காமல் ரகசியமாக வைத்துக்கொண்டவருக்குத்தான் சிக்கல்.

வாடகைதாரர் பக்கமும் இதே கதைதான். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வரும் மாணவர், வந்த 14 நாளுக்குள் அந்த அலுவலகத்தில் பதிய வேண்டும். அங்கே முகவரிச் சான்று கேட்பார்கள். முறையான ஒப்பந்தம் இல்லாத மாணவருக்கு வீட்டுப் பிரச்சினையோடு விசாப் பிரச்சினையும் சேர்ந்துகொள்ளும். இலங்கையிலிருந்தோ வங்கதேசத்திலிருந்தோ வந்தவருக்கு வாடகைக்கு விட ரிசர்வ் வங்கி அனுமதி வேண்டும் என்று சில புரோக்கர்கள் சொல்கிறார்கள். ஐந்து ஆண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு அது தேவையில்லை.

காலி செய்ய மறுத்தால் என்ன செய்வது என்பது அடுத்த பயம். இரண்டு மாத வாடகை பாக்கி, வீட்டை வேறு வேலைக்குப் பயன்படுத்துதல் போன்ற காரணங்களுக்காக வாடகை நீதிமன்றம் போகலாம். கெடு முடிந்தும் போகாதவரிடம் இரட்டிப்பு வாடகையை இழப்பீடாகக் கேட்கலாம். இரண்டுக்கும் பதிந்த ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும்.

தெருவே கூடி ஒருவரைக் கிளப்புவது தனிக் கதை. அருணாசலப் பிரதேசத்தில் சக்மா அகதிகளை வெளியேறச் சொல்லி ஒரு மாணவர் அமைப்பு மிரட்டிய வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே தீர்ப்புச் சொன்னது. அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிருக்கும் சுதந்திரத்துக்குமான பாதுகாப்பு, குடிமகனா இல்லையா என்று பார்ப்பதில்லை. அடுக்குமாடிச் சங்கங்கள் "வெளிநாட்டவருக்கு விடக் கூடாது" என்று தீர்மானம் போடும் முன் அந்தத் தீர்ப்பை நினைவில் வைக்க வேண்டும்.

இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் லண்டனிலும் டொரன்டோவிலும் வாடகைக்கு இருக்கிறார்கள். இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் முன்பணம் கேட்க முடியாது. வாங்கிய பணத்தையும் 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் கொண்டுவர வேண்டும். ஒன்டாரியோவில் 2018 ஏப்ரல் 30 முதல் அரசே அச்சிட்ட ஒப்பந்தப் படிவம்தான். அந்தப் பாதுகாப்பை அங்கே அனுபவிக்கிற பிள்ளைகளின் பெற்றோர், இங்கே மாடிப் போர்ஷனுக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள்.

அரசிடம் சங்கம் வைக்கும் கோரிக்கைகள் இரண்டு. அட்வான்ஸ் உச்சவரம்பில் உள்ள விலக்கை நீக்க வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் எளிய மாதிரி ஒப்பந்தம் ஒன்றைச் செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகம் கல்லூரிகள் வழியாகக் கொடுக்க வேண்டும். கல்லூரிகளிடம் ஒன்று: சேர்க்கை நாளிலேயே வாடகைச் சட்டத்தை மாணவருக்கு அரை மணி நேரம் விளக்குங்கள்.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் கல்வியாண்டு தொடங்கி, யாருக்கு வீடு விட்டாலும் ஒப்பந்தத்தை இரண்டு அசல்களாக எழுதிக் கையெழுத்திடுங்கள். இரண்டாவது அசலைச் சாவியோடு சேர்த்து வாடகைதாரர் கையில் கொடுங்கள்.