ஃப்ளெக்ஸ் கடைப் பிள்ளைகளுக்கும் ஒரு வகுப்பு



வரைகலைத் தொழிலுக்குப் படிப்பு தேவையா என்று பேசும்போது எங்கள் கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமாரை நினைத்துக்கொள்கிறேன். 2010 ஜூலை 15-இல் மத்திய அரசு ஏற்ற ரூபாய்க் குறியீடு அவர் வரைந்தது. சென்னையில் கட்டடக்கலை, மும்பை ஐ.ஐ.டி.யில் காட்சித் தொடர்பியல், அங்கேயே தமிழ் எழுத்து வடிவங்கள் குறித்து முனைவர் ஆய்வு. தேவநாகரி ‘ர’வையும் ரோமன் ‘ஆர்’ எழுத்தையும் ஒன்றாகப் பார்த்த கண், எழுத்துகளோடு ஆண்டுக்கணக்கில் பழகியதால் வந்தது என்றே நம்புகிறேன்.

திருக்கோவிலூர் ஃப்ளெக்ஸ் கடைப் பிள்ளைகள் போட்டோஷாப்பை உடன் வேலை செய்யும் அண்ணன்மாரிடம் பார்த்தே கற்றவர்கள். முகூர்த்தத்துக்கு முந்தைய இரவில் அவர்களின் கை வேகம் அபாரம். வேலை கிடைக்கப் பட்டம் வேண்டாம் என்பதற்கு அவர்களே சாட்சி. ஆனால் இடத்தை நிரப்ப எழுத்தை அகலவாக்கில் இழுத்துவிடுகிறார்கள். ‘ழு’வின் அடிப்பகுதி அடுத்த வரியில் போய் இடிக்கிறது. சொல்லித்தர ஆளில்லை, அவ்வளவுதான்.

அரசு கவின்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கின்றன. குடும்பத்தைத் தாங்கும் பிள்ளை வேலையை விட்டு அங்கே போக முடியாது. எழுத்துரு, வண்ணம், பக்க அமைப்பு இவற்றுக்கு மாலைநேரச் சான்றிதழ் வகுப்பொன்றை எங்கள் மாவட்டத்து அரசு ஐ.டி.ஐ.யில் தொடங்க வேண்டும்.

– வாசகர், திருக்கோவிலூர்