பிள்ளையைக் கதைக்க விடுங்கள்

காங்கேசன்துறைப் பெற்றோரே, உங்களோடு கொஞ்சம் கோபமாகவே கதைக்கவேண்டியிருக்கிறது. என்னையும் சேர்த்துத்தான்.

1990 இல் ஊர் இடம்பெயர்ந்தபோது தன் வளவை விட்ட நடேஸ்வராக் கல்லூரி, 2016 இல்தான் திரும்பி வந்தது. எங்கள் பிள்ளைகள் எங்கள் ஊரிலேயே படிக்கவேண்டும் என்று அத்தனை வருடம் ஆசைப்பட்டோம். இப்போது பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடும்போது என்ன சொல்லுகிறோம்? "ரீச்சரோட வாய் காட்டாத, சொல்லுறத எழுது." மத்தியானம் ஏற்றவந்தால் "எத்தனை மாக்ஸ்?" பிறகு சாப்பிட்டதும் சாப்பிடாததுமாக ரியூசன். அங்கே ஒலிவாங்கி சேரின் கையில். பிள்ளைக்குப் பேனை மட்டும்தான்.

சுண்ணாம்புக்கல் பாடத்தை எடுத்துப் பாருங்கள். இங்கே சீமெந்துத் தொழிற்சாலை வந்ததே காலடியில் அந்தக் கல் கிடந்ததால்தான். மழைநீர் அதன் வெடிப்புகளால் இறங்கி, நிலத்தடியால் ஓடி, கடற்கரையிலேயே கீரிமலைக் கேணியில் ஊறுகிறது. அந்தக் கேணியில் குளிக்காத பிள்ளை எங்கள் பக்கத்தில் உண்டா? "கடல் பக்கத்திலதானே கிடக்கு, இந்தத் தண்ணி ஏன் அப்பிடிக் கரிக்கேல்லை?" என்று ஒரு பிள்ளை கேட்டால் போதும், பாடம் அந்த இடத்திலேயே தொடங்கிவிடும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகும் என்பது தோட்டக்காரர் மகனுக்குத் தெரியும். ஆனால் அவன் வாய் திறக்கமாட்டான். பிழையாய்ச் சொன்னால் பெடியள் சிரிப்பார்கள், வீட்டில் வந்து சொன்னால் நாங்கள் "உனக்கேன் இந்த வேலை?" என்போம். கொப்பியில் மட்டும் "சுண்ணாம்புக்கல் நீரை ஊடுபுகவிடும் பாறை" என்ற வரி குண்டு குண்டாய் அழகாக இருக்கும்.

ஆசிரியர்மேல் பழியைப் போட்டுத் தப்பாதீர்கள். 2007 இல் வந்த பாடத்திட்ட மாற்றமே, பிள்ளை தேடி, செய்து, கதைத்துப் படிக்கட்டும் என்றுதான் சொன்னது. குழுவேலை கொடுக்கிற ரீச்சரை "பாடம் எடுக்காமல் விளையாட்டுக் காட்டுறா" என்று அதிபரிடம் முறையிடுவது யார்? இரண்டு நாள் நோட்ஸ் வராவிட்டால் வாட்ஸ்அப்பில் கொதிப்பது யார்? புலமைப்பரிசில் வருடமென்றால் கேட்கவே வேண்டாம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் புள்ளியைப் பற்றி விசாரிக்கமுதல், "என்ர பிள்ளை வகுப்பில கதைக்கிறதோ?" என்று கேளுங்கள். பிழையான மறுமொழி சொன்னதாக வந்து சொன்னால் ஏசாதீர்கள். ரியூசனை நிறுத்தச் சொல்லவில்லை. அதற்குக் கொடுக்கிற கவனத்தில் பாதியையாவது பிள்ளையின் வாய்க்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.