உப்பு எங்கே போயிற்று?

புதிதாக வாங்கிய பனியனை முதன்முறை நீரில் நனைக்கும்போது நம் இல்லத்தரசியர் வாளியை ஒரு கணம் உற்று நோக்குவது வழக்கம். சாயம் போகிறதா என்று பார்க்கிறார்கள். நீர் தெளிவாக இருந்துவிட்டால் மனம் நிறைகிறது. துணி விற்ற கடைக்காரருக்கும் நற்சான்று கிடைக்கிறது. போக வேண்டிய சாயம் நம் வீட்டு வாளிக்கு வருமுன்பே வேறெங்கோ போய்விட்டது என்பதை நாம் எண்ணுவதில்லை. சாயத்தோடு இன்னொரு பொருளும் போயிருக்கிறது. அதுவே உப்பு.

இம்மாதம் அந்த உப்பைப் பற்றி எழுத விழைகிறோம். தொழிற்சாலைகளும் தண்ணீரும் என்று பொதுப்படப் பேசப் புகுந்தால் பேச்சு நீளுமேயன்றிப் பொருள் கைக்கு எட்டாது. ஆகவே திருப்பூரையும் அதனூடே செல்லும் நொய்யலாற்றையும் மட்டும் எடுத்துக்கொள்வோம்.

பருத்தி நூலும் சாயமும் இயல்பாக ஒன்றையொன்று நாடுவன அல்ல. நீரில் இரண்டும் ஒரே வகை மின்னேற்றம் பெறுவதால் ஒன்றையொன்று விலக்கும். அவ்விலக்கத்தைத் தணித்து, சாயத்தை நீரிலிருந்து நூலை நோக்கித் தள்ளும் பணியை உப்பு செய்கிறது. அடர்ந்த நீலமோ கறுப்போ வேண்டுமெனில், துணியின் எடையில் பாதிக்கும் மேலாக உப்பு இட நேரிடும். சாயத்தின் பெரும்பகுதி துணியில் நிலைத்துவிடுகிறது. உப்போ சிறிதும் தங்குவதில்லை. மணமக்களைச் சேர்த்து வைத்த தரகர் விருந்துண்டு விடைபெறுவது போல, வேலை முடிந்ததும் அது கழிவுநீரோடு வெளியேறிவிடுகிறது. துணியை வெளுக்க ஒரு நீர், சாயமேற்ற ஒரு நீர், ஒட்டாத சாயத்தை நீக்கச் சோப்பு நீர், பின்னர் அலசுவதற்குப் பலமுறை நீர் என்று, பழைய வின்ச் எந்திரங்களில் ஒரு கிலோ துணிக்கு 100 லிட்டருக்கும் மேல் தண்ணீர் செலவாயிற்று.

இத்தனை தண்ணீர் திருப்பூருக்கு எங்கிருந்து வந்தது? நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் சிற்றாறு. ஆண்டு முழுவதும் பெருகியோடும் ஆறன்று. நகரின் நிலத்தடி நீர் சாயக் கழிவால் கெட்டபின், சுற்றுப்புறக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து லாரிகள் இரவும் பகலும் நீர் சுமந்து வந்தன. வேளாண்மையில் கிட்டாத வருவாய் தண்ணீரை விற்றதில் கிட்டியது என்று மகிழ்ந்த உழவர்களும் உண்டு. பின்னர், 2005-ஆம் ஆண்டு முதல், பவானி ஆற்று நீர் குழாய் வழியே கொண்டுவரப்பட்டது. நாளொன்றுக்கு 18½ கோடி லிட்டர் வழங்கும் திட்டம் அது. அதில் பெரும்பகுதி ஆலைகளுக்கென்றே வகுக்கப்பட்டது. வந்த வழிகளை இவ்வாறு எண்ணிச் சொல்லலாம். போன வழி ஒன்றுதான்: நொய்யல்.

திருப்பூருக்குக் கீழே, சென்னிமலைப் பகுதியில் ஒரத்துப்பாளையம் என்னுமிடத்தில் 1992-இல் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்திற்காக எழுந்த அணை அது. மேலே நூற்றுக்கணக்கான சாயப் பட்டறைகள், கீழே ஓர் அணை: என்ன தேங்கும் என்பதைக் கணக்கிடப் பொறியியல் பட்டம் தேவையில்லை. சில ஆண்டுகளிலேயே அணையில் நின்றது சாயக் கழிவுநீராயிற்று. அந்நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று பாசன உழவர்களே மன்றாடும் நிலை வந்தது. அணை கட்டித் தந்தும் தண்ணீர் வேண்டாம் என்று உழவன் சொன்ன கதை நம் நாட்டில் வேறெங்கேனும் உண்டோ அறியோம்.

திறக்காமல் வைத்ததாலும் பயன் விளையவில்லை. தேங்கிய நீர் நிலத்துள் இறங்கிச் சுற்றிலும் உள்ள கிணறுகளை அடைந்தது. உப்பு நீர் பாய்ந்த மண்ணில் ஈரம் இருந்தும் பயிரின் வேர் அதை உறிஞ்ச இயலாது. அருகில் நீரிருக்கவே பயிர் தாகத்தால் வாடும். சோடியம் மிகுந்த களிமண் இறுகி, நீரையும் காற்றையும் உள்ளே விடாது. வீட்டிலோ, பருப்பு வேக மறுத்தது; சோப்பு நுரைக்க மறுத்தது; குடிநீருக்காகப் பெண்கள் குடத்துடன் நெடுந்தொலைவு நடந்தனர்.

ஆலைகள் ஒன்றுமே செய்யவில்லையா எனில், செய்தன. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுவப்பட்டன. சுண்ணாம்பும் இரும்பு உப்பும் இட்டு, நிறத்தை வண்டலாகப் படியச் செய்து, நீரைத் தெளிய வைத்தனர். வந்து பார்த்தோர் கண்ணுக்கு நீர் தெளிந்தே இருந்தது. கரைந்த உப்பு மட்டும் அப்படியே இருந்தது; சுண்ணாம்பு சேர்ந்ததால் கடினத்தன்மை கூடியதும் உண்டு. லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைபொருள் இருத்தலாகாது என்பது விதி. குடிநீருக்கு விரும்பத்தக்க அளவு 500 மட்டுமே. சிவப்பாகவும் நீலமாகவும் ஓடிய ஆற்றைக் கண்டு ஊரே கூச்சலிட்டது. நிறமற்று ஓடிய உப்பாறோ பலரின் பார்வைக்குத் தப்பியது. உழவனின் நாவுக்கும் வயலுக்கும் அது தப்பவில்லை.

தோல் பதனிடும் தொழிலால் பாலாற்றங்கரை பட்ட பாடு குறித்து 1996-இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துவோரே இழப்பையும் ஏற்க வேண்டும் என்னும் நெறியை இந்நாட்டுச் சட்டத்தில் ஊன்றியது. அந்நெறி நொய்யலுக்கும் வந்து சேர்ந்தது. பாசன உழவர் சங்கம் தொடுத்த வழக்கில் 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம், சொட்டுக் கழிவும் ஆற்றில் விடலாகாது என்று ஆணையிட்டது. 2009-இல் உச்சநீதிமன்றமும் ஆலைகளின் பொறுப்பை உறுதி செய்தது. ஆணை நிறைவேறாது போகவே, 2011 ஜனவரி 28-ஆம் நாள் திருப்பூரின் சாயப் பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு உயர்நீதிமன்றம் கட்டளையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளில் மின்சாரம் நின்றது.

தீர்ப்பை நாம் குறை கூறோம். பதினைந்து ஆண்டு பொறுத்தவனை இன்னும் பொறு என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. எனினும் அன்று வேலையிழந்தோர் யார் என்பதையும் மறத்தற்கில்லை. பிழைக்க வந்து ஒற்றை அறையில் குடியிருந்த தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளுமே முதலில் அடிபட்டனர். அவர்களுள் பலர் வானம் பொய்த்து உழவைக் கைவிட்டு வந்தோர். உழவனுக்கு நீதி வழங்கிய நாளில், நேற்றைய உழவன் ஒருவன் கூலி இழந்தான். இவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, மலிவாய்ச் சட்டை வாங்கியவரும் வாங்கி விற்றவரும் ஒதுங்கி நின்றனர்.

பின் நடந்தது கற்கத்தக்கது. அரசு வட்டியில்லாக் கடன் வழங்க, சுத்திகரிப்பு நிலையங்கள் புதுப்பிக்கப்பட்டு ஒவ்வொன்றாகத் திறந்தன. இன்று கழிவுநீரை முதலில் நுண்ணுயிர்த் தொட்டியில் விட்டு, அதிலுள்ள கரிமப் பொருளை அவை தின்னச் செய்கின்றனர். எஞ்சிய நிறத்தை நீக்கியபின், பெரும் அழுத்தத்தில் சவ்வுகளின் வழியே நீரைச் செலுத்துகின்றனர். நீர் கடந்து செல்ல, உப்பு தங்கிவிடுகிறது. இவ்வாறு பெரும்பகுதி நீர் மீண்டும் சாயத்தொட்டிக்கே திரும்புகிறது. தங்கிய கரிப்பு நீரை ஆவியாக்கிக் குளிரவைத்தால் சோடியம் சல்பேட் படிகமாகிறது. அதையும் மறுபடி சாயமேற்றப் பயன்படுத்துகின்றனர். இதற்கெனவே சாதாரண உப்பைக் கைவிட்டுச் சோடியம் சல்பேட்டுக்கு மாறிய பட்டறைகள் பல. சில நிலையங்களில் கரிப்பு நீரையே தூய்மைசெய்து நேரே சாயத்தொட்டிக்கு அனுப்புகிறார்கள். ஆவியாக்கும் செலவு அவ்வளவுக்கு மிச்சம். நூற்றுக்கு நூறு வீணென ஆற்றில் கொட்டிய பொருள், விலை கொடுத்து வாங்கிய சரக்கு என்பது அப்போதுதான் கணக்குப் புத்தகத்தில் தெரிந்தது. தண்ணீர் இலவசமாயிருந்த வரையில் அக்கணக்கை எவரும் போடவில்லை.

செலவு சிறிதன்று. சவ்வுக்கு மின்சாரமும், ஆவியாக்கிக்கு நீராவியும், நீராவிக்கு விறகும் வேண்டும். ஆற்றைக் காக்க மரம் எரிகிறது என்று குறை சொல்வோர் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. இச்செலவை ஏற்காத பிற ஊர்களின் சரக்கோடு அதே சந்தையில் திருப்பூர் போட்டியிட வேண்டியிருக்கிறது. ஆகவே விதி ஓர் ஊருக்கு மட்டும் இருப்பது போதாது. மூடலுக்குப்பின் சாயத்தொழில் வேறு மாவட்ட ஆற்றங்கரைகளுக்கு நழுவிச் சென்றதாக வந்த செய்திகளை நாம் படித்தோம்.

சோடியம் சல்பேட்டும் சாதாரண உப்பும் சாய மிச்சமும் கலந்து பிரியாது நின்ற கலப்பு உப்பு, எதற்கும் பயன்படாமல் சாக்கு மூட்டைகளில் அடுக்கப்படுகிறது. மழை நனைத்தால் அது மறுபடி ஆற்றுக்கே போகும். ஆகவே கூரை வேய்ந்த கொட்டகைகளில் அதைக் காத்து வருகிறார்கள்.