கணினியில் கேட்டாலும் வீணை வீணைதான்

வீட்டு ஹைஃபைக்குக் கணினி சரிப்படாது என்பதை நான் ஏற்கவில்லை. சிடியில் இருப்பவை 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் எண்கள். ஃபிளாக் கோப்பு அவற்றில் ஒரு பிட்டைக்கூட இழக்காமல் சுருக்கி வைக்கிறது. ஒலியைக் கெடுப்பவை நடுவில் நிற்பவைதான். விண்டோஸ் வழக்கமாக எல்லாச் சத்தங்களையும் கலந்து, அமைப்பில் குறித்திருக்கும் ஒரே சாம்பிள் ரேட்டுக்கு மாற்றித்தான் வெளியே விடும்; 44.1-இல் பதிவான வீணை 48 ஆகிவிடலாம். பிளேயரில் வாசாபி எக்ஸ்குளூசிவ் முறையைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கலப்படம் நின்றுவிடும். ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒயர் இழுக்காதீர்கள். கணினிக்குள் இருக்கும் மின்னிரைச்சல் அதில் எளிதாக ஏறும். யுஎஸ்பி வழியே வெளியில் ஒரு டாக் வையுங்கள், எண்களை ஒலியாக்கும் வேலையை அது பார்க்கட்டும். எளிய டாக் போதும், உண்மையாகவே போதும். ஆடம்பர யுஎஸ்பி கேபிளுக்கு ஒதுக்கிய பணம் நல்ல ஸ்பீக்கருக்குப் போகட்டும்.