வெளிநாட்டு எல்.எல்.எம். வேலைக்கு உத்தரவாதமா?

உலகத் தரவரிசையில் முன்னிற்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் எல்.எல்.எம். முடித்தால் அந்நாட்டிலேயே வழக்கறிஞராகலாம், வேலை எளிதில் கிடைக்கும், நாடு திரும்பினாலும் முன்னுரிமை உண்டு என்ற கருத்து இந்தியச் சட்டப் பட்டதாரிகளிடையே வேரூன்றியுள்ளது. இதன் எந்தப் பகுதியும் முழு உண்மையல்ல.

1. "அந்நாட்டிலேயே தொழில் செய்யலாம்."

பட்டம் வேறு, தொழில் உரிமம் வேறு. இங்கிலாந்தில் சொலிசிட்டர் ஆவதற்கு 2021 முதல் எஸ்.க்யூ.இ. எனும் சொலிசிட்டர் தகுதித் தேர்வு நடைமுறையில் உள்ளது, அதற்கு எல்.எல்.எம். தேவையில்லை. ஜெர்மனியில் எல்.எல்.எம். மட்டும் பெற்றவர் அந்நாட்டு வழக்கறிஞராகிவிட முடியாது. அதற்கான வழக்கமான பாதை இரு அரசுத் தேர்வுகள். அமெரிக்காவில் விதி மாநிலந்தோறும் மாறுகிறது. நியூயார்க்கில் வெளிநாட்டுச் சட்டப் படிப்பின் குறையை ஈடுகட்ட எல்.எல்.எம். உதவும், ஆனால் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில், விதித்த பாடங்களுடன் 24 கிரெடிட் முடித்திருக்க வேண்டும். கலிபோர்னியாவிலோ, தம் நாட்டில் பதிவு பெற்ற வழக்கறிஞர் எல்.எல்.எம். இன்றியே வழக்கறிஞர் உரிமத்துக்கான பார் தேர்வை எழுதலாம்.

2. "வேலை எளிதில் கிடைக்கும்."

அமெரிக்காவின் பெரிய சட்ட நிறுவனங்கள் அந்நாட்டின் அடிப்படைச் சட்டப் பட்டமான மூன்றாண்டு ஜே.டி. படிப்பின் மாணவர்களையே கோடைப் பயிற்சி வழியாகப் பெருமளவில் எடுக்கின்றன. ஒரு கல்வியாண்டில் முடியும் எல்.எல்.எம்.மில் அந்தக் கோடைக்கு இடமில்லை. படிப்புக்குப் பின் வேலை செய்ய 12 மாத அனுமதி உண்டு. அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களுக்குரிய நீட்டிப்பு சட்டத்துக்குக் கிடையாது. ஜூலையில் எழுதும் நியூயார்க் பார் தேர்வின் முடிவு அக்டோபர் வாக்கில்தான் வரும். அந்த 12 மாதங்களில் ஒரு பகுதி காத்திருப்பிலேயே கழிகிறது.

3. "தரவரிசையே அளவுகோல்."

தரவரிசை பல்கலைக்கழகத்தின் பொதுப் புகழையும் ஆய்வையும் அளக்கிறது. துறை வலிமை அதில் தெரியாது. கடல்சார் சட்டத்துக்கு சவுத்தாம்ப்டன், துலேன். வான், விண்வெளிச் சட்டத்துக்கு லெய்டன், மெக்கில். நடுவர் தீர்ப்புக்கு லண்டன் குயின் மேரி. வரிச் சட்டத்துக்கு நியூயார்க் பல்கலைக்கழகம் என்றே அத்துறையினர் தேடுகின்றனர்.

4. "நாடு திரும்பினால் முன்னுரிமை."

1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டப்படி பதிவுக்கு எல்.எல்.பி. போதும். சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காட விரும்புவோருக்கு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராக இருக்கும் ஆண்டுகளே பெரிதும் உதவும். எல்.எல்.எம். உண்மையில் கட்டாயமாவது கற்பித்தல் பணிக்கு: முதுநிலையில் 55 விழுக்காடு, அதோடு நெட், செட் தகுதித் தேர்வு அல்லது முனைவர் பட்டம். வெளிநாட்டுப் பட்டமானால் சமநிலை அங்கீகாரமும் வேண்டும். இந்திய பார் கவுன்சிலின் 2020ஆம் ஆண்டு விதிகள் ஓராண்டு எல்.எல்.எம்.மை நிறுத்த முனைந்து, உச்ச நீதிமன்றத்தில் வழக்கானதும் கருதத்தக்கது. கற்பித்தலை இலக்காகக் கொண்டவர்களுக்கு திருச்சி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம், சென்னை அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் போன்றவை குறைந்த செலவில் நேர்வழி தருகின்றன.

ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது பணி, அடுத்து அப்பணி கேட்கும் உரிமம், பின்னர் துறை. பல்கலைக்கழகத்தின் பெயர் கடைசியில் வர வேண்டியது.