கடிகாரம் வைத்த வட்டம்

ஒரு வேலை யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதைப் படமாக வரைய, உலகம் முழுவதற்கும் பொதுவான குறியீட்டு முறை ஒன்று இருக்கிறது. பி.பி.எம்.என். என்பார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களின் சரக்கு என்று நம்மவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இதை முதலில் கற்க வேண்டியவர்கள் வட்டாட்சியர் அலுவலக உதவியாளர்கள். அடுத்து, அங்கே மனுவோடு போய் நிற்கிற நாம்.

இதன் முதல் பதிப்பு 2004-ல் வந்தது. இரண்டாம் பதிப்பு 2011-ல். 2013-ல் ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஆனது. முழு நூல் 500 பக்கத்துக்கு மேல். பயப்பட வேண்டாம், நமக்கு ஐந்தாறு குறிகள் போதும். மெல்லிய கோட்டு வட்டம் தொடக்கம். தடித்த வட்டம் முடிவு. மூலை மழுங்கிய பெட்டி ஒரு வேலை. சாய்சதுரம் வந்தால் வழி பிரிகிறது. அம்பு, அடுத்து எங்கே என்பது. பேத்தி அலுவலக வேலைக்காகப் படித்துக்கொண்டிருந்ததை வாங்கிப் பார்த்து, இரண்டு வாரத்தில் பிடித்துக்கொண்டேன். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் வடிவியல் படித்தவன் நான். எனக்குச் சாய்சதுரம் இன்றும் 'லோசாஞ்ஜ்'தான். வடிவத்துக்கு மொழி இல்லை என்பது இதில் ஒரு சௌகரியம்.

யார் செய்கிறார் என்பதற்கு நீச்சல் குளத்தில் கயிறு கட்டியதுபோலத் தடங்கள் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு அலுவலர். நம் வட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் உடையார்பாளையம், வட்டாட்சியர் அலுவலகம் ஜெயங்கொண்டத்தில். மாவட்டமோ, 1995 வரை திருச்சி, பிறகு பெரம்பலூர், 2001-ல் அரியலூர், 2002-ல் மறுபடி பெரம்பலூர், 2007-ல் மறுபடி அரியலூர். எத்தனை ரப்பர் ஸ்டாம்ப் மாறியிருக்கும்! படத்தில் போட்டுப் பார்த்தால் மாறியது மேல் தடத்தின் பெயர் மட்டும். பெட்டிகளும் அம்புகளும் அப்படியே இருக்கின்றன. மாவட்டம் பிரித்தால் வேலை சீக்கிரம் நடக்கும் என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும்.

பணியில் இருந்தவர்களுக்கு டாட்டன்ஹாம் முறை நினைவிருக்கும். தபால் வந்தால் ந.க. எண், தன்பதிவேட்டில் பதிவு, குறிப்பு, ஆணை, நினைவூட்டு என்று எல்லாவற்றுக்கும் ஒரு கலம். வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு என்றாலும் அருமையான ஏற்பாடு. எந்தக் கோப்பு எங்கே நிற்கிறது என்று தன்பதிவேட்டைப் புரட்டினால் தெரியும். ஆனால் அதைப் புரட்டுகிற உரிமை மேஜைக்கு உள்ளே இருப்பவருக்கு. வெளியே பெஞ்சில் இருப்பவருக்கு அது மூடிய புத்தகம்.

பட்டா மாறுதலை வரைந்து பார்த்தேன். இ-சேவை மையத்தில் விண்ணப்பம்: மெல்லிய வட்டம். அடுத்து சாய்சதுரம்: உட்பிரிவு உண்டா, இல்லையா? இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலர் விசாரணை, பிறகு ஆணை என்று படம் சின்னது. உண்டு என்றால் நில அளவர் வர வேண்டும், அளக்க வேண்டும், புலப்படத்தில் கோடு விழ வேண்டும், அப்புறம்தான் ஆணை. இந்த முறையில் விண்ணப்பதாரர் அலுவலகத்துக்குள் ஒரு தடம் அல்ல; அவர் தனிக் குளம். அவருக்கும் அலுவலகத்துக்கும் நடுவே போகும் தகவலைப் புள்ளிக்கோட்டு அம்பால் காட்ட வேண்டும். வரைந்து முடித்தால் தொடக்கத்தில் ஒன்றிரண்டு புள்ளிக்கோடு, கடைசியில் ஒன்று. நடுவில் பெரும்பாலும் வெறும் வெள்ளைத் தாள். இணையத்தில் பார்க்கலாமே என்பார்கள். யாரிடம் நிலுவை என்று அதில் தெரியலாம். எதற்காக, எத்தனை நாள் என்று தெரியாது. அந்த வெள்ளைத் தாளில்தான், கட்டை விரலை மடக்கி மடக்கி நாள் எண்ணிக்கொண்டு நம் வயதுக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த குறி இரட்டை வட்டத்துக்குள் ஒரு கடிகாரம். காத்திருத்தல் என்பதற்கே ஒரு குறி! அதை ஒரு வேலைப் பெட்டியின் விளிம்பில் ஒட்டினால், இத்தனை நாளுக்குள் இது முடிய வேண்டும் என்று பொருள். அப்படி ஒட்டிய கடிகாரத்திலிருந்து ஒரு அம்பு வெளியே போயே ஆக வேண்டும் என்பது விதி. நாள் கடந்தால் என்ன நடக்கும், யாரிடம் போகும் என்று எழுதாவிட்டால் படம் தப்பு.

அலுவலகச் சுவர்களில் குடிமக்கள் சாசனம் மாட்டியிருக்கிறார்கள். இன்ன வேலைக்கு இத்தனை நாள் என்று பட்டியல். கடிகாரம் இருக்கிறது, அம்பு இல்லை. மத்தியப் பிரதேசத்தில் 2010-லேயே சட்டம் போட்டு அந்த அம்பை வரைந்துவிட்டார்கள்: குறித்த நாளில் சேவை தராத அலுவலர் மீது மேல்முறையீடு, அவருக்கு அபராதம்.

இதைச் சென்னையிலிருந்து ஆலோசகர்கள் வந்து வரையக் கூடாது. அவர்கள் விதியில் உள்ளதை வரைவார்கள். நில அளவருக்கு ஒரே நாளில் எத்தனை ஊர், அவருடைய சங்கிலி எங்கே சிக்குகிறது என்பது இருக்கையில் இருக்கிற உதவியாளருக்குத்தான் தெரியும். அவர் வரையட்டும், வட்டாட்சியர் கையெழுத்துப் போடட்டும். பெட்டிக்குள் எழுத்து தமிழில் இருக்கட்டும், கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவில். பிறகு வாசலில் மாட்டட்டும். ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு செலவு. இங்கே காதணி விழாவுக்கே நாலு வைக்கிறோம்.