முடிவை முன்பே சொல்லிவிட்ட கதை

சூப்பர்மேன் ஓங்கி ஒரு குத்து விட்டால் ஜோக்கர் பிழைப்பானா? சண்டை விளையாட்டில் பிழைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டமே கிடையாது. நெதர்ரெல்ம் நிறுவனம் உருவாக்கி 2013இல் வெளிவந்த 'இன்ஜஸ்டிஸ்: காட்ஸ் அமங் அஸ்' வீடியோ கேம் இதற்கு ஒரு மாத்திரையைக் காரணம் காட்டியது. விழுங்கினால் சாதாரண மனிதரின் உடம்பும் அடிதாங்கும்.

வெறும் சாக்குதான். ஆனால், அதை வைத்து ஆஸ்திரேலிய எழுத்தாளர் டாம் டெய்லர் அந்த விளையாட்டை ஒட்டி வந்த காமிக்ஸில் எழுதிய காட்சி மறக்க முடியாதது. பேட்மேனின் முதுகெலும்பை சூப்பர்மேன் முறித்துப் போட்டிருக்கிறான். மாத்திரையை விழுங்கிவிட்டு வருகிறார் பேட்மேனின் வயதான பணியாளர் ஆல்ஃபிரட். தான் வளர்த்த பிள்ளைக்காக அந்த முதியவர் உலகின் மகா பலசாலியை அடித்து வீழ்த்துகிறார். விளையாட்டிலிருந்து பிறந்த சித்திரக்கதை என்றாலே விளம்பரச் சரக்கு என்று ஒதுக்குபவர்கள் இந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும்.

கதை இப்படித் தொடங்குகிறது: ஜோக்கரின் சூழ்ச்சியால், கர்ப்பிணி மனைவி லோயிஸ் லேனைத் தன் கையாலேயே கொன்றுவிடுகிறான் சூப்பர்மேன். அவள் இதயம் நின்றதும் அதோடு இணைக்கப்பட்டிருந்த அணுகுண்டு வெடித்து மெட்ரோபொலிஸ் நகரம் அழிகிறது. ஆத்திரத்தில் ஜோக்கரைக் கொல்கிறான். விளையாட்டு இதைச் சில நிமிடங்களில் முடித்துக்கொண்டு, ஐந்து ஆண்டுகள் தாண்டி, சர்வாதிகாரியாகிவிட்ட சூப்பர்மேனிடம் போய்விடுகிறது. இடைப்பட்ட அந்த ஐந்து ஆண்டுகள்தான் காமிக்ஸின் களம்.

டெய்லர் அவசரப்படவில்லை. துக்கத்தில் இருக்கும் சூப்பர்மேன் முதலில் செய்வது போர்களை நிறுத்துவது. அதில் என்ன தப்பு என்றுதான் வாசகருக்கும் தோன்றும். அதை எதிர்க்கும் பேட்மேனின் எச்சரிக்கை வீண் பிடிவாதமாகக்கூடப் படும். அந்த ஊசலாட்டம் விளையாட்டில் இல்லை; அங்கே எதிரே நிற்பவனை அடித்தால் போதும். ஜோக்கரின் கூட்டாளி ஹார்லி குவினைத் தன் மறைவிடத்தில் ஒளித்துவைக்கும் வில்வீரன் கிரீன் ஏரோ அவளோடு மல்லுக்கட்டும் பேச்சு, இவ்வளவு சாவுக்கு நடுவே வாசகரைச் சிரிக்க வைக்கிறது. அதே கிரீன் ஏரோவை முதல் ஆண்டு முடிவதற்குள் சூப்பர்மேன் அடித்தே கொல்லும்போது வலிக்கிறது.

இவ்வளவு இருந்தும் இந்தத் தொடருக்குக் காலில் ஒரு விலங்கு. விளையாட்டு காட்டும் சர்வாதிகார உலகில் உயிரோடு இருக்கும் யாரையும் காமிக்ஸ் சாகவிட முடியாது. யாரையும் திருத்தவும் முடியாது. பேட்மேன் அணி எத்தனை திட்டம் போட்டாலும் ஐந்தாம் ஆண்டு வரை தோற்றுக்கொண்டே இருக்க வேண்டும். விளையாட்டை ஆடியவருக்கு இது முன்பே தெரியும். இரண்டாம் ஆண்டில் விண்வெளிக் காவலர்களான கிரீன் லேன்டர்ன்கள், மூன்றாம் ஆண்டில் மந்திரவாதிகள், நான்காம் ஆண்டில் கிரேக்கக் கடவுளர் என்று புதுப்புதுப் படைகள் வந்து மோதுவதும், நிலைமை மாறாமலே போவதும் சலிப்பூட்டுகின்றன. மூன்றாம் ஆண்டின் நடுவே டெய்லர் விலகி, பிரையன் புச்செலாட்டோ பொறுப்பேற்றார். கதையை நீட்டுவது அதன் பிறகு அப்பட்டமாகத் தெரிந்தது. வாராவாரம் இணையத்தில் வெளியிடும் அவசரத்தில் ஓவியர்களும் மாறிக்கொண்டே இருந்தார்கள். முகங்கள் அத்தியாயத்துக்கு அத்தியாயம் வேறுபடுவது இந்த அளவு உணர்ச்சிகரமான கதைக்குப் பெரிய இழப்பு.

முதல் இரண்டு ஆண்டுகளின் தொகுப்புகளைத் தயங்காமல் வாங்கிப் படிக்கலாம். மற்றவை, கதாபாத்திரங்களைப் பிரிய மனமில்லாதவர்களுக்கு.

இதே கதை 2021இல் அனிமேஷன் படமாகவும் வந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான அந்தப் படத்தில் சாவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுகின்றன. செத்தவருக்காக உடனிருந்தவர்கள் அழுவதற்குக்கூட அதில் நேரமில்லை.